அந்த ஒரு கார்னர் கிக்கோடு நிறுத்திவிடாதீர்கள்: ஹோமரே சவாவை இணையத்தில் தேடிப் பார்ப்பது எப்படி

117-ஆவது நிமிடம். கார்னர் கிக். நீல ஜெர்சியில் 10-ஆம் எண் போட்ட ஒரு பெண் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு பக்கத்துக் கோல் கம்பத்தை நோக்கி ஓடி வருகிறார். கோலுக்கு ஏறக்குறைய முதுகைக் காட்டியபடி, வலது காலின் வெளிப்பக்கத்தால் பந்துக்கு ஒரு சின்னத் தட்டு. பந்து வலைக்குள். இந்தத் துண்டு வீடியோ உங்கள் ஃபோனுக்கும் எப்போதாவது வந்திருக்கும், இரண்டு முறை பார்த்துவிட்டு 'யாருப்பா இது' என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான் போனேன். பல மாதம் கழித்துத்தான் திரும்பி வந்து தேடினேன், தப்புத் தப்பாகத் தேடினேன், அந்தத் தப்புகளைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அவர் பெயர் ஹோமரே சவா, அது 2011 பெண்கள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். 1978-இல் டோக்கியோவின் ஃபுச்சு நகரில் பிறந்தவர். ஜப்பான் பெண்கள் அணிக்காக 205 ஆட்டங்கள், 83 கோல்கள், ஆறு உலகக் கோப்பைகள், நான்கு ஒலிம்பிக். 2015 டிசம்பரில் ஓய்வு பெற்றார். இவ்வளவையும் எந்தத் தளமும் ஒரு பத்தியில் சொல்லிவிடும். ஆனால் ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆனபின்னும் ஜப்பான்காரர்கள் அந்த மனுஷியின் வீடியோவின் கீழே போய் ஏன் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்பது அந்தப் பத்தியில் இருக்காது. அது ஜப்பானிய மொழியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தேடினால் அந்தக் கார்னர் கிக்கும் சில புள்ளிவிவரங்களும்தான் சுற்றிச் சுற்றி வரும். ஜப்பானிய மொழி துளிகூடத் தெரியாமலே உள்ளே நுழைய வழி இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

முதலில் பெயரைப் பிடியுங்கள்

ஆங்கில விக்கிபீடியாவில் அவருடைய பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலுக்குப் போய், ஜப்பானிய மொழியைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பட்டியலில் ஜப்பானிய மொழி அதன் சொந்த எழுத்திலேயே இருக்கும். முதல் எழுத்து ஒரு செவ்வகம், நடுவில் குறுக்கே ஒரு கோடு, அதை வைத்து அடையாளம் காணலாம். திறக்கும் பக்கத்தின் தலைப்பில் மூன்றே எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்துதான் 'சவா', அதாவது குடும்பப் பெயர், ஜப்பானில் அதுதான் முன்னால் வரும். அடுத்த இரண்டும் சேர்ந்து 'ஹோமரே'. அந்த மூன்று எழுத்தையும் அப்படியே காப்பி செய்து ஃபோனில் நோட்ஸில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இனி எங்கே போனாலும் அதுதான் சாவி.

இங்கே ஒரு சிக்கல். அந்த முதல் எழுத்துக்குப் பழைய வடிவம் ஒன்று, எளிமையாக்கிய புது வடிவம் ஒன்று என்று இரண்டு உண்டு. அவர் பெயரில் வருவது கோடுகள் நிறைந்த பழைய வடிவம். ஆனால் சில பத்திரிகைகளும் அவசரமாகத் தட்டுகிற ரசிகர்களும் புது வடிவத்தைத்தான் போடுவார்கள். தேடுபொறிகள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், சமூக வலைத்தளங்களின் தேடல் பெட்டியை அப்படி நம்ப முடியாது. அதனால் ஃபோன் கீபோர்டில் ஜப்பானிய மொழியைச் சேர்த்து, ஒலியை ஆங்கில எழுத்தில் 'சவா' (sawa) என்று தட்டுங்கள், மேலே பரிந்துரைகளில் இரண்டு வடிவமும் வரும். இரண்டாவதையும் நோட்ஸில் சேர்த்துவிடுங்கள்.

பெயரின் பின்பாதி அழகானது. ஹோமரே என்பதை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவதுக்கு நெற்கதிர் என்று பொருள், இரண்டாவதுக்கு நம்பிக்கை, வேண்டுதல். கதிர் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பப் பெயரான அந்த முதல் எழுத்துக்குத் தனியாகப் பொருள் பார்த்தால் சதுப்பு நிலம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மொழிபெயர்ப்புக் கருவி சில நேரம் அதைப் பெயர் என்று புரிந்துகொள்ளாமல் அர்த்தம் சொல்லிவிடும். 'சதுப்பு நிலம் இன்று ஓய்வை அறிவித்தது' என்ற மாதிரி ஏதாவது வந்தால் பயப்படாதீர்கள், அது நம் ஆள்தான்.

பெயரோடு சேர்க்க இரண்டு மூன்று சொற்கள் வேண்டும். இதில்தான் நான் நிறைய நேரம் தொலைத்தேன். 'ஓய்வு' என்று தமிழில் போட்டு ஜப்பானிய மொழிக்கு மாற்றினேன், வந்தது இளைப்பாறுதல் என்ற அர்த்தத்தில் உள்ள ஓய்வு. அதை வைத்துத் தேடினால் விளையாட்டு இடைவேளை பற்றிய ஏதேதோ வருகிறது. சரி என்று 'பணி ஓய்வு' போட்டால் அலுவலகத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டு போகிறவருக்கான சொல் வந்தது. விளையாட்டு வீரர்கள் களத்தை விட்டு விலகுவதற்கு ஜப்பானில் 'இந்தாய்' (intai) என்பார்கள். கீபோர்டில் அந்த ஒலியைத் தட்டினால் சரியான எழுத்து வந்துவிடும். அதேபோல் இறுதிப் போட்டிக்கு 'கெஷ்ஷோ' (kesshou), மறக்க முடியாத காட்சிகளின் தொகுப்புக்கு 'மேய்பாமென்' (meibamen). இந்த மூன்றும் போதும். பெண்கள் தேசிய அணியை அங்கே 'நாதேஷிகோ ஜப்பான்' என்பார்கள், 2004-இல் மக்களிடம் கேட்டு வைத்த பெயர். நாதேஷிகோ என்பது ஓரம் கிழித்துவிட்ட மாதிரி இதழ் உள்ள ஒரு பூ. வெறுமனே நாதேஷிகோ என்று மட்டும் தேடினால் தோட்டக்கலைக்குப் போய்விடுவீர்கள்.

தேதியில் கோட்டை விடாதீர்கள்

2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஜூலை 17, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட். இதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அங்கே இரவு 8.45-க்குத் தொடங்கிய ஆட்டம் ஜப்பானில் 18-ஆம் தேதி விடியற்காலை 3.45. நமக்கும்கூட நள்ளிரவு தாண்டி 12.15, அதாவது 18. அன்று ஜப்பானில் கடல் நாள் என்ற அரசு விடுமுறை வேறு. ஆக ஊர் முழுக்கத் தூக்கத்தை விட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, கூடுதல் நேரம், பெனால்டி எல்லாம் முடிந்து காலை ஆறு மணி தாண்டிக் கோப்பை கைக்கு வருகிறது, வெளியே வெளிச்சம் வந்துவிட்டது, வேலைக்கும் போக வேண்டாம். அந்தக் காலையை மனதில் வைத்துக்கொண்டு தேடுங்கள். எக்ஸ் தளத்தில் உள்நுழைந்து, விரிவான தேடல் பக்கத்தில் அந்தப் பெயரைப் போட்டு, மொழி ஜப்பானியம் என்று வைத்து, தேதியை ஜூலை 17 முதல் 19 வரை கொடுங்கள். 17 மட்டும் கொடுத்தால் கொண்டாட்டத்தில் பாதியைத் தவறவிட வாய்ப்பு உண்டு.

அந்த ஆட்டம் முடிந்த நேரத்தில் ட்விட்டரில் விநாடிக்கு 7,196 பதிவுகள் விழுந்தன, அதுவரை யாரும் பார்க்காத எண்ணிக்கை. அதற்கு முந்தைய சாதனையும் ஜப்பானுடையதுதான், அதே ஆண்டுப் புத்தாண்டு பிறந்த நொடியில் 6,939. பின்னால் இந்தச் சாதனைகள் எல்லாம் சுலபமாக உடைந்துவிட்டன, அது வேறு. ஆனால் பெண்கள் கால்பந்து ஆட்டம் ஒன்று இணையத்தையே திணறடித்தது அந்த இரவில்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பழைய பதிவுகளைப் படிக்கும்போது அந்தச் சூடு புரியும்.

செல்வாக்கை நீங்களே அளந்து பார்க்க வேண்டுமா? கூகுள் ட்ரெண்ட்ஸைத் திறந்து பெயரைத் தட்டுங்கள். கீழே இரண்டு மூன்று பரிந்துரைகள் வரும், வெறும் சொல்லை எடுக்காமல் கால்பந்து வீராங்கனை என்ற குறிப்போடு வருவதை எடுங்கள். நாடு ஜப்பான், காலம் 2004 முதல் இன்றுவரை. வருகிற கோட்டில் நான்கு இடங்களில் விரலை வையுங்கள்: 2011 ஜூலை, 2012 ஜனவரி, 2012 ஆகஸ்ட், 2015 டிசம்பர். உலகக் கோப்பை, உலகின் சிறந்த வீராங்கனை விருது, லண்டன் ஒலிம்பிக் வெள்ளி, ஓய்வு. அதில் காட்டும் எண் ஆட்களின் எண்ணிக்கை அல்ல, நீங்கள் எடுத்த காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை அதோடு ஒப்பிட்டுச் சொல்வது. அதனால் 2011-ஐ உள்ளே வைத்துப் பார்த்தால் பிற்கால வருடங்கள் எல்லாம் தரையோடு ஒட்டிக் கிடக்கிற மாதிரித் தெரியலாம். 'அவ்வளவுதானா, மறந்துவிட்டார்களா' என்று முடிவு கட்டிவிட வேண்டாம், காலத்தை 2016-க்குப் பின் மட்டும் என்று மாற்றிப் பாருங்கள், ஏற்ற இறக்கம் தனியாகத் தெரியும். விக்கிபீடியாவின் பக்கப் பார்வைக் கணக்குக் கருவி ஒன்றும் உண்டு, ஜப்பானியப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் அதில் கணக்கு 2015 ஜூலையிலிருந்துதான் தொடங்கும். 2011 உச்சத்தை அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

யாஹூ ஜப்பான் பற்றி ஒரு வார்த்தை. நம்மூரில் யாஹூவை யாரும் சீண்டுவதில்லை, ஜப்பானில் அது இன்னும் பெரிய ஆள். அங்கே செய்திப் பகுதியில் பழைய வீராங்கனைகள் பற்றி எதுவாவது வந்துகொண்டே இருக்கும், ஆனால் கொஞ்ச நாளில் அந்தச் செய்தியை எடுத்துவிடுவார்கள். நல்லதாக ஒன்று கிடைத்தால் அப்போதே சேமித்து வையுங்கள். அதன் 'ரியல்டைம்' தேடலில் ஜப்பானியர்கள் இந்த நிமிடம் என்ன பேசுகிறார்கள் என்பதும் தெரியும். சவா ஏதாவது டிவி நிகழ்ச்சிக்கு வந்த அன்று போட்டுப் பாருங்கள், 'சவா-சான்' என்று மரியாதையோடு பேசிக்கொண்டிருப்பார்கள், நாம் 'சவா மேடம்' என்று சொல்கிற மாதிரி.

எதை முதலில் பார்ப்பது

அந்தக் கோலை முதலில் பார்க்காதீர்கள். ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது, தெரியும். இருந்தாலும் மறந்துவிட்டு வாருங்கள்.

ஃபிஃபாவின் யூடியூப் சேனலில் பழைய உலகக் கோப்பைகளின் சுருக்கங்கள் உண்டு, ஃபிஃபா பிளஸ் முழு ஆட்டங்களையும் போட்டது, எது எந்த நாட்டில் திறக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், கிடைத்ததைப் பாருங்கள். ஜப்பான் கால்பந்துச் சங்கத்துக்கும் சொந்தச் சேனல் இருக்கிறது. 2011-இல் ஜப்பான் ஆடிய ஆட்டங்களில் முதலில் மெக்சிகோவுடன் ஆடியதை எடுங்கள், 4-0, அதில் மூன்று சவாவுடையது. அது ஆளை அறிமுகம் செய்துகொள்ளத்தான். அடுத்து இங்கிலாந்திடம் 0-2 தோற்றதை வேண்டுமானால் விட்டுவிடலாம். கால் இறுதியில் ஜெர்மனி. ஜெர்மனி போட்டியை நடத்துகிற நாடு, முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளையும் வென்ற அணி, சொந்த மைதானம். 108-ஆவது நிமிடத்தில் கரினா மருயாமா ஒரே ஒரு கோல் அடித்து ஜெயித்தார்கள். எல்லாரும் மருயாமாவைப் பார்ப்பார்கள், நீங்கள் நான்கு விநாடி பின்னால் போய் அந்தப் பந்து எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேலே, ஓடுகிறவரின் முன்னால் போய் விழுகிற மாதிரி அதைப் போட்டுக் கொடுத்தது சவா.

எனக்குப் பிடித்தது ஸ்வீடனுடன் ஆடிய அரையிறுதி. பத்தாவது நிமிடத்தில் ஸ்வீடன் கோல் அடிக்கிறது. அதற்குக் காரணம் யார் என்று பார்த்தால் சவாதான், தன் பாதியில் பக்கவாட்டில் கொடுத்த பாஸை எதிரணி பறித்துக்கொண்டு போய்விட்டது. 32 வயது கேப்டன், உலகக் கோப்பை அரையிறுதி, சொந்தத் தவறு. அதன் பின் அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள், பந்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். தலையைத் தொங்கப் போடவில்லை, கையைத் தட்டி மற்றவர்களை இழுத்துக்கொண்டு வருகிறார். ஜப்பானின் கவாசுமி சமன் செய்கிறார். 60-ஆவது நிமிடத்தில் சவாவே கோலுக்கு மிக அருகில் தலையால் முட்டி முன்னிலை எடுத்துக் கொடுக்கிறார். நான்கே நிமிடத்தில் கவாசுமி தூரத்திலிருந்து கோல் கீப்பர் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு 3-1. ஷார்ட்ஸ் வீடியோக்களில் கவாசுமியின் அந்தக் கோல்தான் ஓடும். சவாவின் அந்தத் தவறான பாஸை யாரும் வெட்டிப் போடுவதில்லை, ஆனால் அதைப் பார்க்காமல் அந்த ஹெட்டருக்கு என்ன மதிப்பு?

இப்போது இறுதி ஆட்டம். முடிந்தால் முழுதாக. எதிரே அமெரிக்கா, அதற்கு முன் 25 முறை மோதி ஜப்பான் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை, 22 தோல்வி, 3 டிரா. அமெரிக்காவின் மார்கன் அடிக்கிறார், 81-ஆவது நிமிடத்தில் ஜப்பானின் மியாமா சமன் செய்கிறார். 104-இல் அமெரிக்காவின் வாம்பாக் தலையால் அடிக்கிறார், 117-இல் அந்தக் கார்னர். அடிப்பது மியாமா. யூடியூபில் வேகத்தை 0.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் என்றால் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளிப் பொத்தானைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃபிரேமாக நகரும், கமாவைத் தட்டினால் பின்னால் வரும். கால் பந்தைத் தொடுகிற ஃபிரேமில் நிறுத்தி அவருடைய இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். உடம்பு கோலிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருக்கிறது, கால் மட்டும் பின்னால் வேலை செய்கிறது. 116 நிமிடம் ஓடிய கால்.

அந்தக் கோலோடு ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இல்லை, அது 2-2 மட்டும்தான். கடைசி நிமிடத்தில் ஜப்பானின் இவாஷிமிசு ரெட் கார்டு வாங்கி வெளியே போகிறார், பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து, பெனால்டியில் கோல் கீப்பர் காய்ஹோரி தடுத்து, 3-1. வெற்றி பெனால்டியை அடித்தது சாகி குமகாய். 'சவாவின் வெற்றி பெனால்டி' என்ற தலைப்போடு வந்த ஒரு வீடியோவை நான் நண்பர்கள் குழுவில் பெருமையாகப் போட்டு, ஒருவர் 'அந்தப் பொண்ணு நம்பர் 4 ஆச்சே' என்று கேட்டு மூக்கை உடைத்தார். ஆகவே: எண்ணைப் பாருங்கள். 10-ஐ மட்டும் நம்பவும் கூடாது, ஏனென்றால் சவாவுக்குப் பிறகும் அந்த எண்ணைப் போட்டவர்கள் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 போட்டிருந்தது மானா இவாபுச்சி. 2011 அணியில் பதினெட்டு வயதுப் பெண்ணாக இருந்தவர், அவரும் 2023-இல் ஓய்வு பெற்றுவிட்டார். அதேபோல் 2021-இல் ஃபுகுஷிமாவில் ஒலிம்பிக் சுடர் ஓட்டத்தை 2011 அணிதான் தொடங்கி வைத்தது, ஆனால் சவா உடல்நலம் சரியில்லாமல் அதில் கலந்துகொள்ளவில்லை. சவா சுடர் ஏந்திய படம் என்று அந்த நாள் படத்தை யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள்.

உண்மையான ஒரு படம் இருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள். 2012 ஜனவரி 9, ஜூரிக் நகரில் ஃபிஃபா விருது விழா. கோட்டும் கவுனுமாக எல்லாரும் நிற்க, சவா கிமோனோவில் வந்தார். அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் வரிசையாக பிரேசிலின் மார்த்தாதான் அந்த விருதை வாங்கிக்கொண்டிருந்தார். ஆண்கள் விருது மெஸ்ஸிக்கு, பெண்கள் பயிற்சியாளர் விருது சவாவின் பயிற்சியாளர் நோரியோ சசாகிக்கு. மெஸ்ஸி பக்கத்தில் கிமோனோ கட்டிய சவா நிற்கிற அந்தப் படம் ஜப்பானியர்கள் திரும்பத் திரும்பப் போடும் படங்களில் ஒன்று.

கீழே இருக்கும் கருத்துகள்

வீடியோவை விடக் கீழே எழுதியிருப்பதைப் படிப்பதுதான் எனக்கு வழக்கமாகிவிட்டது. மொழிபெயர்ப்புப் பொத்தான் இருக்கிறது, ஆனால் அது உங்களைக் குழப்பும், முன்கூட்டியே சில விஷயங்கள் தெரிந்திருந்தால் நல்லது.

ஜப்பானிய வாக்கியத்தில் யார் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். 'ஓடினார்' என்பதற்கு நம் மொழியில் வினையிலேயே ஆள் தெரிந்துவிடும், அங்கே அதுவும் கிடையாது. அதனால் கருவி தன் இஷ்டத்துக்கு ஆளை நிரப்பும், சவா ஒரு வரியில் 'அவன்' ஆவார், அடுத்த வரியில் 'நான்' ஆவார். பொருட்படுத்த வேண்டாம். 'பறவைத் தோல்' என்று வந்தால் அது புல்லரிப்பு. 'கடவுள் கோல்' என்றால் வேறொன்றுமில்லை, நாம் 'தெய்வ லெவல்' என்போமே, அதேதான். 'புல்' என்று ஒற்றைச் சொல் வந்தால் மைதானத்துப் புல்லைப் பற்றி ஏதோ குறை சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், நான் நினைத்தேன். அது சிரிப்பு. சிரிப்புக்கு ஆங்கில 'டபிள்யூ' எழுத்தை வரிசையாகப் போடுவார்கள், அந்த வரிசை பார்க்கப் புல் முளைத்த மாதிரி இருக்கிறது என்று அப்புறம் புல் என்றே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எண் எட்டை 888888 என்று தட்டியிருந்தால் அது ஃபோன் நம்பர் இல்லை. ஜப்பானில் கைதட்டும் சத்தம் 'பாச்சி பாச்சி', எட்டு என்ற எண் 'ஹாச்சி', அந்த ஒலி ஒற்றுமையால் எட்டுகள் கைதட்டல் ஆகிவிட்டன.

'முதுகு' என்ற சொல் அடிக்கடி வரும். இது முக்கியம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தின்போது, கஷ்டமான நேரத்தில் என் முதுகைப் பாருங்கள் என்று சவா இளைய வீராங்கனைகளிடம் சொன்னதாக ஜப்பானில் எல்லாருக்கும் தெரியும். முன்னால் நான் ஓடிக்கொண்டிருப்பேன், அதைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்ற அர்த்தம். அந்த ஆட்டத்தில் தோற்று நான்காவதாக வந்தார்கள், ஆனால் சொன்ன வாக்கு நின்றுவிட்டது. இது தெரியாமல் 'அந்த முதுகை மறக்க மாட்டேன்' என்ற கருத்தைப் படித்தால் என்னவோ போல இருக்கும்.

அப்புறம் 'நிலநடுக்கம்'. 2011 மார்ச் 11-இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அணு உலை விபத்தும். நான்கே மாதத்தில் இந்தக் கோப்பை. ஜெர்மனி ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் சசாகி அந்தப் பேரழிவின் படங்களை வீராங்கனைகளுக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்தபின்னும் உலக நண்பர்களுக்கு நன்றி என்று எழுதிய நீளமான பதாகையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். சுனாமி பார்த்த கரையில் வாழ்கிறவர்களுக்கு மேலும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசு கொடுத்த மக்கள் மரியாதை விருது முதன்முறையாகத் தனி மனிதருக்கு இல்லாமல் ஒரு அணிக்குப் போனது. சவாவின் வீடியோவின் கீழே யாராவது தங்கள் ஊரைப் பற்றி நீளமாக எழுதியிருந்தால், பெரும்பாலும் கால்பந்து அதில் கொஞ்சம்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள், மொழிபெயர்ப்பு தடுமாறினாலும் விஷயம் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ரசிகர்களின் அன்பு அதிகம் உள்ள இடத்தில் குடும்பத்தைத் தேடிப் போகிற கூட்டமும் இருக்கும். அவருக்குக் குழந்தை இருக்கிறது, அந்தப் பக்கம் போகாமல் விடுவதே நல்லது. பெயரில் ஏதாவது கணக்கு கண்ணில் பட்டால், நீல டிக் மட்டும் பார்க்காமல் கால்பந்துச் சங்கமோ அவர் ஆடிய கிளப்போ அதைக் குறிப்பிட்டுப் பேசுகிறதா என்று பார்த்துவிட்டுப் பின்தொடருங்கள்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது

நீங்கள் நோட்ஸில் வைத்த அந்த மூன்று எழுத்தோடு 'இந்தாய்' சேர்த்து 2015 என்று போடுங்கள். 2015 கோடையில் கனடாவில் அவருடைய ஆறாவது உலகக் கோப்பை, இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா முதல் 16 நிமிடத்திலேயே நான்கு கோல் அடித்துவிட்டது, 33-ஆவது நிமிடத்தில் மாற்று வீராங்கனையாக சவாவை இறக்கினார்கள். 2-5. அது முடிவு என்றால் சோகம்தான். ஆனால் டிசம்பரில் ஓய்வை அறிவித்தபின் அவருடைய கிளப் கோபே லியோனெஸ்ஸா, ஜப்பானின் பெண்கள் கால்பந்துக் கோப்பையான பேரரசி கோப்பையில் இறுதிவரை வந்துவிட்டது. டிசம்பர் 27, கவாசாகி, எதிரே நீகாட்டா கிளப். கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டே போகிறது. இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் கிக். மறுபடியும் கார்னர். உள்ளே வருகிற பந்துக்கு 37 வயதுச் சவா எழும்பித் தலையால் முட்டுகிறார், ஆட்டத்தின் ஒரே கோல், கோப்பை, அத்தோடு முடிந்தது.

15 வயதில், 1993 டிசம்பரில், பிலிப்பைன்ஸுக்கு எதிராக அறிமுகமாகி அன்றே நான்கு கோல் அடித்த பெண், கடைசி ஆட்டத்திலும் அடித்துவிட்டுத்தான் போனார். இந்த வீடியோவின் கீழே வரிசையாக 'மிகவும் களைத்திருப்பீர்கள்' என்பது போன்ற மொழிபெயர்ப்பு வரும். கிண்டல் இல்லை. ஜப்பானில் வேலை முடித்துக் கிளம்புகிறவருக்குச் சொல்லும் 'ஒத்சுகரே-சமா', இத்தனை உழைத்தீர்களே, நன்றி என்ற மாதிரி. அதற்குக் கீழே எட்டுகள் வரிசை வரிசையாக இருக்கும். நீங்களும் நாலைந்து எட்டு தட்டிவிட்டு வரலாம், அதற்கு ஜப்பானிய கீபோர்டுகூட வேண்டாம்.